யாருடைய யோசனை?

எனக்குச் சொந்த ஊர் சித்தூர். சின்ன வயதில், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறார்கள் என்றால் மொட்டை மாடிக்கு ஓடி, கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்போம். அப்போது அது நெல்லூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். கல்விக்கென்றே செய்த எஜுசாட் 2004 செப்டம்பர் 20-ல் கிளம்பியதும் அங்கிருந்துதான்.

சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் மூன்று செயற்கைக்கோள்கள் இருந்தால் உலகம் முழுக்கப் பேசலாம் என்று 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதினார் ஆர்தர் சி. கிளார்க். காப்புரிமை வாங்கவில்லை. பிறகு இலங்கையில் குடியேறினார். 1975-ல் கிராமங்களுக்கு டிவி காட்டிய 'சைட்' திட்டத்தின்போது இஸ்ரோ கொழும்பில் அவர் வீட்டில் ஒரு டிஷ் வைத்துக் கொடுத்தது.

ஆனால் அந்தச் சுற்றுப்பாதையைப் பற்றி 1920-களின் கடைசியிலேயே எழுதியவர் போட்டோச்னிக். புனைபெயர் நூர்டுங். கிளார்க் அதை மறைக்கவில்லை. கட்டுரையின் கடைசியில் அவர் புத்தகத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இங்கே வந்த புதிதில், நான் ஆறு மாதம் உழைத்த ஒரு கட்டுரை என் பெயர் இல்லாமலே வெளிவந்தது. எங்கே என்பது வேண்டாம். கோபம் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை.

இப்போது மகள் ஹோம்வொர்க்கை நெட்டில் பார்த்து எழுதினால் திட்டுவதில்லை. "யார் சொன்னதுன்னு கீழே எழுதும்மா" என்கிறேன். ஒரு வரிதானே!