ஒரே குன்று, இரண்டு பதிவேடுகள்

எங்க தாத்தா பட்டாளத்துக்காரர். சேரியில் அவருக்குப் பேரே 'பட்டாளத்தார்'தான். ஊர்த்தெருவில் மட்டும் பழைய பேர். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் பயனியர் கம்பெனியில் ரோடு போட்டுவிட்டு, 1946இல் ஒரு டிஸ்சார்ஜ் காகிதத்தோடு ஊருக்குத் திரும்பினார். பட்டாளத்துல இருந்தவங்களுக்கு நிலம் தர்றாங்க என்று கேள்விப்பட்டு, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். "நீ என்ன துப்பாக்கியா புடிச்ச? மம்பட்டிதான புடிச்ச?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சாகிறவரைக்கும் அந்தக் காகிதம் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது.

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காகிதம் ஞாபகத்துக்கு வரும். அங்கேயும் பட்டாளக் காகிதம்தான் பெரிய பேச்சு. யார் போருக்குப் போனார், யார் தப்பித்துக்கொண்டார், யாருடைய பதக்கம் உண்மை என்று தேர்தலுக்குத் தேர்தல் சண்டை. ஆனால் ஒரே போரில் ஒரே குன்றில் ஏறியவர்களில் ஒருவருக்கு அது ஜனாதிபதி நாற்காலிக்குப் படிக்கட்டாகவும் மற்றவர்களுக்கு வெறுங்காகிதமாகவும் ஆனது எப்படி? அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி வாஷிங்டனே படைத்தளபதிதான். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு கிராண்ட், ஹேஸ், கார்ஃபீல்ட், பெஞ்சமின் ஹாரிசன், மெக்கின்லி என ஐந்து பேர் வடக்குப் படையில் அதிகாரிகளாக இருந்த பெருமையைச் சொல்லி ஓட்டுக் கேட்டு ஜெயித்தார்கள். போருக்குப் போகாமல் காசு கொடுத்துத் தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்பிய க்ளீவ்லாண்டும் இரண்டு முறை ஜனாதிபதி ஆனார். அதே வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பர்கள் இருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். 1864இல்தான் சட்டம் போட்டு இதை மாற்றினார்கள். சாவதில் சமத்துவம் முதலில் வந்தது, சம்பளத்தில் பிறகு வந்தது.

இனி அந்தக் குன்றுக்கு வருவோம். 1898இல் அமெரிக்கா ஸ்பெயினோடு கியூபாவில் போர் செய்தது. தியோடர் ரூஸ்வெல்ட் கப்பல்படைத் துறையின் உதவிச் செயலாளர் பதவியை விட்டுவிட்டு 'ரஃப் ரைடர்ஸ்' என்ற தொண்டர் குதிரைப்படையோடு போனார். (இரண்டாம் உலகப் போர்க்கால ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு ஆள்.) ஜூலை 1ஆம் தேதி சான்டியாகோ நகருக்கு வெளியே சான் ஹுவான் குன்றுகளில் சண்டை. அவர் ஒருவராக ஏறவில்லை. கறுப்பர்களைக் கொண்ட ஒன்பதாவது, பத்தாவது குதிரைப்படைகளும் இருபத்துநான்காவது காலாட்படையும் அந்தக் குன்றுகளில் ஏறின. பத்தாவது படையின் கொடிக்காரர் ஜார்ஜ் பெர்ரி, தன் படைக்கொடியோடு ஒரு வெள்ளைப் படையின் கொடியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறினார். இன்னொரு கறுப்புப் படையான இருபத்தைந்தாவது காலாட்படை அதே நாளில் எல் கேனியில் சண்டையிட்டது.

ஆனால் பத்திரிகைக்காரர்கள் ரூஸ்வெல்ட் பக்கத்தில் இருந்தார்கள். அந்த நவம்பரிலேயே அவர் நியூயார்க் மாநில கவர்னராகத் தேர்வு. 1900இல் துணை ஜனாதிபதியாகத் தேர்வு. மெக்கின்லி சுடப்பட்டு இறந்ததும் 1901 செப்டம்பரில் ஜனாதிபதி. குன்றிலிருந்து நாற்காலிக்கு மூன்றே வருஷம்.

போர் முடிந்த கையோடு கறுப்புச் சிப்பாய்களை அவர் புகழ்ந்துதான் பேசினார். 1899இல் போரைப் பற்றி எழுதியபோது பேச்சு மாறிவிட்டது. கறுப்புச் சிப்பாய்கள் பின்னால் நழுவினார்களாம், இவர் கைத்துப்பாக்கியை நீட்டித் தடுத்தாராம், வெள்ளை அதிகாரி இல்லாமல் அவர்களுக்கு நிற்கத் தெரியாதாம். பத்தாவது படையின் சார்ஜன்ட் பிரஸ்லி ஹாலிடே சும்மா இருக்கவில்லை. அதே வருஷம் 'நியூயார்க் ஏஜ்' என்ற கறுப்பர் பத்திரிகையில் பதில் எழுதினார்: அவர்கள் ஓடவில்லை, உத்தரவின்பேரில் போனார்கள், மறுநாள் ரூஸ்வெல்டே வந்து தான் தப்பாக நினைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார் என்று. ரூஸ்வெல்டின் புத்தகம் நாடு முழுக்கப் போனது. ஹாலிடேயின் கடிதத்தை ஆய்வாளர்கள் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பத்தாவது படையின் கறுப்பர்கள் ஐந்து பேர் அந்தக் கியூபாப் போரில் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான 'மெடல் ஆஃப் ஆனர்' பெற்றவர்கள். ஆசைப்பட்டும் அது ரூஸ்வெல்டுக்கு அப்போது கிடைக்கவில்லை. 2001இல், செத்து 82 வருஷம் கழித்து, கிளிண்டன் கையால் வழங்கப்பட்டது. இன்றைக்கும் அந்தக் குன்று என்றால் ரூஸ்வெல்ட் முகம்தான்.

எழுத்தில் கிடைத்த அவமானம் இதென்றால், உத்தரவில் கிடைத்தது இன்னும் கொடுமை. 1906 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் ஊரில் ஒரு நடுராத்திரியில் துப்பாக்கிச் சூடு. வெள்ளையர் ஒருவர் செத்தார். பழி பக்கத்து முகாமில் இருந்த இருபத்தைந்தாவது காலாட்படைமேல் விழுந்தது. எல்லாரும் முகாமில்தான் இருந்தார்கள் என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே சொன்னார்கள். யார் சுட்டது என்று காட்டிக்கொடுக்கவில்லை என்பதே குற்றமானது. விசாரணை மன்றம் இல்லை, தீர்ப்பு இல்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரே உத்தரவில் 167 பேரைக் கண்ணியமற்ற முறையில் வெளியேற்றினார். பென்ஷனும் போயிற்று. நவம்பர் தேர்தலில் கறுப்பர் ஓட்டு விழுந்து முடிகிறவரை அந்த உத்தரவு வெளியே வரவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். அந்த 167 பேரில் ஒருவர் மிங்கோ சாண்டர்ஸ். 26 வருஷ சர்வீஸ், கியூபாவிலும் சண்டை போட்டவர். அங்கே ரூஸ்வெல்டின் ஆட்களோடு தங்கள் ரொட்டியைப் பங்கிட்டுக் கொடுத்ததை அவர் பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார்.

1972இல் ராணுவம் அந்த உத்தரவைத் திருத்தியது. அப்போது உயிரோடு இருந்த டார்சி வில்லிஸ் என்ற கிழவருக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள். அதற்குள் அவர் மினியாபோலிஸ் நகரத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேல் பூட்ஸ் துடைத்து முடித்திருந்தார். 66 வருஷம் கழித்து வந்த கண்ணியம்.

வியட்நாம் போரிலும் கதை மாறவில்லை. காலேஜில் படித்தவனுக்குத் தள்ளிவைப்பு கிடைத்தது. 1966இல் பாதுகாப்புச் செயலாளர் மெக்னமாரா தேர்வுத் தகுதியைக் குறைத்து ஒரு திட்டம் போட்டார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைப் பையன்கள் அதில் பட்டாளத்துக்குப் போனார்கள். சுமார் 40 சதவீதம் கறுப்பர்கள். போருக்குப் போகாத கிளிண்டன் 1992இல் ஜெயித்தார். 2004இல் பதக்கம் வாங்கிய கெர்ரியின் வீரம் பொய் என்று விளம்பரம் செய்யப்பட்டது. டெக்சாஸ் விமானக் காவல்படையில் இருந்து வியட்நாமைப் பார்க்காத புஷ் ஜெயித்தார். ஐந்து தள்ளிவைப்பு வாங்கிய டிரம்ப் 2016இலும் 2024இலும் ஜெயித்தார். ஆக, பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பது மட்டுமே ஜெயிப்பதில்லை. அதை எடுத்துப் படித்துக்காட்டும் வாய் யாருடையது என்பதுதான் ஜெயிக்கிறது.

நம்ம கதையும் தூரத்தில் இல்லை. அம்பேத்கரின் தகப்பனார் ராணுவத்தில் சுபேதார். 1890களின் தொடக்கத்தில் மகர்கள் 'போர்க்குடி' இல்லை என்று சொல்லி ஆங்கிலேயர்கள் கதவைச் சாத்தினார்கள். ஆள் பற்றாக்குறை வந்தபோது 1917இல் திறந்தார்கள், போர் முடிந்ததும் படையைக் கலைத்தார்கள், 1941இல் மறுபடி திறந்தார்கள். மதராஸ் ராணுவத்தின் சாப்பர், பயனியர் படைகளில் மண் வெட்டியவர்களில் பறையர்கள் ஏராளம். தேவைப்பட்டால் வீரன், தேவை முடிந்தால் தீண்டத்தகாதவன்.

அந்தப் போர்கள் நியாயமானவையா என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. கியூபாவுக்குப் பிறகு பிலிப்பைன்ஸை அடக்க அனுப்பப்பட்ட இருபத்துநான்காவது படையின் டேவிட் ஃபேகன், 1899இல் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து அமெரிக்காவுக்கு எதிராகவே சண்டையிட்டார். அவரும் நம் கணக்கில் உண்டு. ஆதிக்கத்தின் போரில் வீரம் காட்டியதற்காக நான் மார்தட்டச் சொல்லவில்லை. செய்த வேலையை இல்லையென்று ஆக்கும் கையைப் பிடிக்கச் சொல்கிறேன்.

1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 160 முதல் 180 லட்சம் ராணுவக் கோப்புகள் எரிந்தன. நகல் கிடையாது. அப்புறம் பல பேருடைய சர்வீஸை நிரூபிக்க உதவியது வீட்டுப் பெட்டியில் கிடந்த டிஸ்சார்ஜ் காகிதம்தான். இதைப் படித்த அன்றைக்கு ஊருக்குப் போய் தாத்தாவின் பெட்டியைத் திறந்தேன். காகிதம் மடிப்பில் கிழிந்திருந்தது, எழுத்து அழியவில்லை. உங்கள் சேரிகளிலும் இப்படிப் பெட்டிகள் இருக்கும். கரையான் முந்துவதற்குள் திறந்து பாருங்கள். பேர், நம்பர், கம்பெனி, வருஷம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஹாலிடே எழுதி வைத்ததால்தான் ரூஸ்வெல்டுக்கு இன்றைக்கு ஒரு பதில் இருக்கிறது.