கயிறு கட்டிக் காட்டிய பிரமிடு

கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை போடலாமா என்று கேட்டாலே நம் பொதுக்குழு இரண்டு கட்சியாகிவிடும். ஒரு நாட்டின் பழைய அரண்மனை முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு கட்டப்போவதாகச் சொன்னால்? பாரிஸில் 1984-ல் அதுதான் நடந்தது.

'மோனாலிசா' இருக்கும் லூவர், 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையாகத் தொடங்கி, அரண்மனையாக வளர்ந்து, 1793-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆனால் 1980 வாக்கில் அதன் நிலை சொல்லும்படி இல்லை. வடக்குப் பகுதியில் நிதியமைச்சகம். முற்றத்தில் கார்கள். வருபவர்களுக்கு ஒழுங்கான தலைவாசல்கூட இல்லை.

அதிபர் மித்தரான் இதைச் சீராக்க 1983-ல் சீனாவில் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய்யைத் தேர்ந்தெடுத்தார். பழைய சுவர்களைத் தொடக்கூடாது. ஆகவே நிலத்தடியில் போவோம் என்றார் பெய். முற்றத்துக்குக் கீழே ஒரு பெரிய கூடம், அங்கிருந்து மூன்று பக்கமும் வழிகள். அந்தக் கூடத்துக்கு வெளிச்சம் தரும் கூரைதான் பிரமிடு.

1984 ஜனவரியில் பாரம்பரியச் சின்னங்களுக்கான குழுவில் திட்டத்தை விளக்கியபோது கடும் எதிர்ப்பு. எகிப்தியரின் கல்லறை வடிவத்துக்கு இங்கென்ன வேலை என்று பத்திரிகைகளும் சாடின. அப்போது மேயராக இருந்த ஷிராக், முழு அளவில் எப்படியிருக்கும் என்று காட்டச் சொன்னார். 1985 மே மாதம், கிரேன் வைத்துக் கம்பிவடங்களை இழுத்து, பிரமிடின் விளிம்புகளை அதே உயரத்தில் முற்றத்தில் காட்டினார்கள். சுமார் 60,000 பேர் வந்து பார்த்தார்கள். பயந்த அளவுக்கு அது அரண்மனையை மறைக்கவில்லை. எதிர்ப்பும் மெல்லத் தணிந்தது.

1989-ல் திறக்கப்பட்ட பிரமிடின் உயரம் சுமார் 21 மீட்டர். சாதாரணக் கண்ணாடியில் லேசான பச்சை தெரியும். அதன் வழியே பார்த்தால் அரண்மனைக் கல்லின் நிறம் மாறிவிடும். எனவே நிறமற்ற கண்ணாடியைத் தனியாகத் தயாரிக்க வைத்தார் பெய்.

கதை அத்துடன் முடியவில்லை. ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேரை மனத்தில் வைத்துத் திட்டமிட்ட இடத்துக்கு 2018-ல் ஒரு கோடிக்கு மேல் வந்தார்கள். நெரிசல் தாங்காமல், கிழக்குப் பக்கம் புதிய வாசல் அமைக்கப்போவதாக 2025-ல் அதிபர் மக்ரோன் அறிவித்தார்.

அடுத்த முறை நம் வளாகத்தில் ஏதாவது கட்டும் பேச்சு வந்தால், கை தூக்குவதற்கு முன் அந்த இடத்தில் நான்கு கழி நட்டுக் கயிறு கட்டிப் பார்ப்போம். நீங்களும் ஒரு நடை வந்து பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடலாம்.