இளவட்டக்கல்லும் உடம்பின் எல்லையும்

தென்பாண்டி நாட்டுக் கிராமங்களில் மந்தையிலோ அம்மன் கோயில் முன்னாலோ உருண்டையாக ஒரு கல் கிடப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். கைப்பிடி கிடையாது. விரல் மாட்டுவதற்கு ஒரு விளிம்புகூட இல்லாமல் வழவழவென்று செதுக்கியிருப்பார்கள். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். கல்யாணக்கல் என்றும் சொல்வதுண்டு. இதைத் தூக்கியவனுக்கே பெண் கொடுத்தார்கள் என்ற செய்தி பொங்கல்தோறும் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகிறது. அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அவ்விதி உண்மையிலேயே கறாராகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால் எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் பாதி ஆளற்றுப் போயிருக்கும். முல்லைக்கலியின் ஏறுதழுவுதலைப் போல இதுவும் ஒரு சமூகம் தன் இளைஞர்களைப் பற்றிக் கண்ட கனவு, சட்டம் அன்று.

கல்லைத் தூக்குவதில் படிகள் உண்டு. குந்தி அமர்ந்து, இரு கைகளாலும் கல்லை அணைத்து, முதலில் தொடைக்கு ஏற்ற வேண்டும். அங்கிருந்து நெஞ்சுக்கு உருட்டி, தோளில் ஏற்றிப் பின்புறமாகத் தள்ளிவிட வேண்டும். நெல்லை மாவட்டத்தின் தென்பகுதியில் வள்ளியூரை அடுத்த வடலிவிளையில் பொங்கலையொட்டி இப்போட்டி நடந்து வருகிறது, பெண்களும் கலந்துகொள்கிறார்கள். அவ்வூர்க் கற்களின் எடை 45, 60, 80, 98, 114, 129 கிலோ என்று வரிசையாக ஏறுகிறது. இந்த வரிசையை ஓர் ஆவணமாகவே வாசிக்கலாம் என்பது என் எண்ணம். முதற் கல்லிலிருந்து இரண்டாம் கல்லுக்குப் போகும்போது எடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கடைசிப் படியிலோ எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதற்கு மேல் கல் இல்லை. மலைக்கும் பாறைக்கும் பஞ்சமில்லாத நாட்டில் செதுக்கக் கல் கிடைக்காமல் நின்றுவிட்டார்கள் என்று கொள்ள முடியாது.

கிரேக்கத்தின் ஒலிம்பியாவிலும் இப்படி ஒரு கல் கிடைத்திருக்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த மணற்கல்லின் எடை ஏறத்தாழ 143 கிலோ. பைபோன் என்பவன் அதை ஒரே கையால் தலைக்கு மேல் எறிந்தான் என்று கல்லின் மீதே பொறித்து வைத்திருக்கிறார்கள். ஒரே கை என்ற இடத்தில் கவிஞனின் கையும் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் எடை கவனத்துக்குரியது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு இடைவெளியும் இத்தனை கடல்களும் இருந்தும், அந்தக் கல்லும் வடலிவிளையின் கடைசிக் கல்லும் அருகருகே வந்து நிற்கின்றன.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இன்றைய மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்வி. “அஞ்சு வருஷமா தூக்குதேன் சார், ரெண்டு வருஷமா உடம்பு ஏறவே மாட்டேங்கு” என்று வகுப்பு முடிந்து வந்து சொல்பவர்கள் உண்டு. தமிழ் ஆசிரியரிடம் ஏன் இதைக் கேட்கிறார்கள் என்பது வேறு கதை. உணவும் உழைப்பும் மட்டும் கொண்டு, மருந்தின் துணையின்றி, பழகிய உடம்பு எதுவரை வளரும் என்பதே கேள்வி. இதற்கு உடலியலின் விடை ஒன்று உண்டு. வரலாற்றின் விடையும் ஒன்று உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

நம் இலக்கியத்தில் இதன் தொடக்கத்தைத் தேடினால் புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள பாடல்களுக்குப் போக வேண்டும். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு காலை மார்பில் மடித்து ஊன்றி, மறு காலை முதுகுப்புறம் வளைத்த பிடியை நேரில் கண்டவர்போல் வருணிக்கிறார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நக்கண்ணையார் சொல்லும் ஒரு செய்தி. அவன் உண்பது புற்கை. ஆயினும் அவன் தோள் பெரிது என்று வியக்கிறார் அவர். கூழ் குடித்தும் பெருந்தோள்! உடம்பின் அளவில் பெரும்பகுதி பிறப்போடு வருவது, உணவால் மட்டும் ஆவது அன்று என்பதை அந்தக் காதல் மனம் போகிறபோக்கில் கண்டுகொண்டது.

அடுத்த பெரிய திருப்பம் ஒரு ஜெர்மானியரால் நேர்ந்தது. பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ (1867-1925) எடை தூக்கிக் காட்டுவதோடு நில்லாமல், தூக்கும் உடம்பையே காட்சிப் பொருளாக்கினார். 1904-05இல் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் பட்டமாகவே நம் மொழிக்குள் வந்து சேர்ந்தது. கோவையில் தேகப் பயிற்சி சாலை நடத்தி, பின்னாளில் படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவரை (1915-1978) ‘சாண்டோ’ இல்லாமல் யாரும் சொல்வதில்லை. பெங்களூரில் கே.வி. ஐயர் தம் ஹெர்குலிஸ் பயிற்சிக் கூடத்தின் வழியாகவும் அஞ்சல்வழிப் பாடங்கள் மூலமும் ஒரு தலைமுறையைப் பழக்கினார். அவரே கன்னடத்தில் ‘சாந்தலா’ என்ற வரலாற்று நாவலையும் எழுதியவர் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நினைவூட்டலாம். தசையும் உரைநடையும் ஒரே ஆளிடம் கூடியது நம் பக்கத்தில் அரிது.

இந்த வரிசையின் உச்சி என்று வங்காளத்து மனோகர் ஐச்சைச் சொல்வேன். 1951இல் மனோதோஷ் ராயும், 1952இல் ஐச்சும் லண்டன் போட்டியில் தத்தம் பிரிவுகளில் உலக ஆணழகர்களாயினர். ஐச்சின் உயரம் 4 அடி 11 அங்குலம். பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தபோது அதிகாரி ஒருவரை அறைந்ததற்காகச் சிறைப்பட்டவர். கருவி ஏதுமில்லாத சிறையில் நாள்தோறும் பல மணி நேரம் பழகி உடம்பைத் தேற்றியவர். நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2016இல் மறைந்தார். அவருடைய பழைய புகைப்படங்களை இன்றைய இளைஞர்களிடம் காட்டினால், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ‘சைஸ்’ இல்லை என்கிறார்கள். உலகப் பட்டம் பெற்ற உடம்பு எங்கள் ஊர் ஜிம்மில் தேறாமல் போகிறது. அறுபது எழுபது ஆண்டுகளில் மனித எலும்பு மாறிவிடவில்லை. மாறியது வேறு.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் சுரப்பு 1935இல் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. 1954இல் வியன்னாவில் நடந்த உலகப் பளுதூக்கும் போட்டியின்போது, சோவியத் வீரர்கள் அதைப் பயன்படுத்துவதாக ஜான் சீக்லர் என்ற அமெரிக்க மருத்துவர் கேள்வியுற்றார். 1958இல் சிபா நிறுவனத்தின் டயனபால் மாத்திரை சந்தைக்கு வந்தது. ஒலிம்பிக்கில் இவ்வகை மருந்துகளுக்கான சோதனை தொடங்கியதோ 1976இல், மாண்ட்ரியலில். இடையிலிருந்த பதினெட்டு ஆண்டுகளில் ‘பெரிய உடம்பு’ என்ற சொல்லின் பொருளே மாறிப்போயிற்று. சொல் பழையது, பொருள் புதியது. அகராதிக்காரர்கள் கவனிக்காத பொருள்மாற்றம் இது.

மருந்து செய்யும் வேலையின் அளவை 1996இல் வெளியான ஓர் ஆய்வு துல்லியமாகக் காட்டியது. இந்திய வம்சாவளியினரான சலேந்தர் பாசினும் அவர் குழுவினரும் எடைப் பயிற்சியில் முன்பே பழக்கமுள்ள 43 ஆண்களைப் பிரித்து, பத்து வாரம் கவனித்தார்கள். வெறும் ஊசி போட்டுக்கொண்டு பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய எடை சுமார் 2 கிலோ கூடியது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஏற்றிக்கொண்டு எடையைத் தொடாமல் இருந்தவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல் கூடியது. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. உழைத்தவனைவிட உட்கார்ந்திருந்தவன் அதிகம் பெற்றான் என்ற இந்தக் கணக்கை, விடியற்காலையில் எழுந்து ஜிம்முக்குப் போகும் ஒவ்வொருவனும் ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1995இல், கௌரி, போப் முதலியோர் எல்லையையே எண்ணாகக் குறிக்க முயன்றார்கள். உடல் எடையில் கொழுப்பைக் கழித்து, மிஞ்சியதை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது அவர்கள் முறை. 170 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் 15 விழுக்காடு கொழுப்பும் உடைய ஒருவருக்கு விடை ஏறத்தாழ 20.6. உயரத்துக்கேற்ற சிறு திருத்தம் ஒன்றும் உண்டு. இங்கே அது வேண்டாம். மருந்து எடுத்த 83 பேர், எடுக்காத 74 பேர் என 157 விளையாட்டு வீரர்களை அவர்கள் அளந்தபோது, எடுக்காதவர்கள் 25 என்ற எண்ணை ஒட்டி நின்றுவிட்டார்கள். எடுத்தவர்களில் பலர் அதைத் தாண்டினர். சிலர் 30ஐயும் கடந்தனர். 1939 முதல் 1959 வரை ‘மிஸ்டர் அமெரிக்கா’ பட்டம் வென்றவர்களின் சராசரியைக் கணித்தபோது வந்தது 25.4. மேற்சொன்ன 170 செ.மீ. ஆளுக்கு 25 என்றால், பத்து விழுக்காடு கொழுப்போடு சுமார் 80 கிலோ. எத்தனை ஆண்டு தூக்கினாலும் பெரும்பாலோர்க்கு அங்கே கதவு சாத்தப்படுகிறது. மிகப் பலர் அந்தக் கதவுவரைகூடப் போவதில்லை.

இந்த எண்ணை வேதவாக்காகக் கொள்ளலாகாது. அளக்கப்பட்டவர்கள் சிலரே. 1940களிலேயே டெஸ்டோஸ்டிரோன் கிடைத்ததால், பழைய அமெரிக்க ஆணழகர்கள் அனைவரும் தூயவர்கள் என்று சத்தியம் செய்வதற்கில்லை. ஜப்பானின் சுமோ மல்லர்கள் பெரும் கொழுப்போடு பெரும் தசையையும் சுமந்து 25ஐ எளிதில் கடக்கிறார்கள். ஆகவே அதை மதில் என்பதைவிட, ஏற ஏறச் செங்குத்தாகும் சரிவு எனலாம். பயிற்சியாளர்களிடையே வழங்கும் ஒரு கணக்கு இதற்குப் பொருந்திவருகிறது. ஒழுங்காகப் பழகும் இளைஞனுக்கு முதல் ஆண்டில் பத்து கிலோ வரை தசை கூடலாம். இரண்டாம் ஆண்டில் அதில் பாதி. மூன்றாம் ஆண்டில் அதிலும் பாதி. நான்காம் ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு கிலோ கூடினாலே பெரிது. ஐந்தாண்டு தூக்கியவனுக்கு உடம்பு ‘ஏற மாட்டேங்கு’ என்பது நோய் அன்று, இயல்பு. வடலிவிளைக் கற்களின் இடைவெளியும் இவ்வாறே குறுகிக்கொண்டு போனதை மேலே கண்டோம்.

உடம்பு தானே ஏன் வளர்ச்சியை நிறுத்துகிறது? 1997இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் மயோஸ்டேட்டின் என்ற புரதத்தைக் கண்டறிந்தார்கள். தசையைப் போதும் என்று தடுப்பது அதன் வேலை. அதற்கான மரபணுவை நீக்கிய எலிகளுக்குத் தசை இரண்டு மூன்று மடங்கு பருத்தது. தசைக்கு உணவும் ஓய்வும் ஓயாது செலவாகும். பஞ்சம் வந்தால் முதலில் சுமையாவது அதுதான். தாது வருடத்துப் பஞ்சத்தைக் கண்ட மண்ணில் இதை விளக்கத் தேவையில்லை.

நம்மவர்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2004இல் புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தம் இருவர் படத்தையே ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கான எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடலின் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. அதே எடையில் நமக்குக் கொழுப்பு மிகுதி, தசை குறைவு. 2019இல் எம்மா பொமிராயும் உடன் ஆய்வாளர்களும் தெற்காசியாவின் பழைய எலும்புக்கூடுகளை அளந்து, இந்த மெலிந்த உடற்கட்டு குறைந்தது 11,000 ஆண்டுகளாக இருந்து வருவது என்று எழுதினார்கள். அமெரிக்கச் சுவரொட்டி உடம்பைப் பார்த்து ஏங்கும் நம் பையன், சங்க காலத்துக்கும் வெகு முந்தைய ஒரு எலும்போடு வாதாடிக்கொண்டிருக்கிறான்.

தசை நின்றாலும் வலு நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றது 77 கிலோ எடைப் பிரிவில். உடம்பு அந்த வரம்பைத் தாண்டக் கூடாது என்பதே அங்கு விதி. நரம்பும் மூச்சும் பிடியும் ஆண்டுக்கணக்கில் தேர்வதுதான் அதற்குள் நிகழ்வது. இளவட்டக்கல்லிலும் கனத்த ஆள் திணறி நிற்க, ஒல்லியான ஆள் கல்லைத் தொடையில் சாய்க்கும் சூட்சுமத்தால் தோளேற்றிவிடுவது உண்டு.

இன்று எங்கள் பக்கத்துச் சிற்றூர்களிலும் ஜிம்கள் வந்துவிட்டன. நல்லதுதான். விசைத்தறிக் கூலியில் மிச்சம் பிடித்துப் பையனுக்கு மாவுடப்பா வாங்கிக் கொடுக்கும் தகப்பனார்களை நான் அறிவேன். மாவில் பெரிய கேடில்லை. பாலும் பயறும் முட்டையும் தருவதைத்தான் அதுவும் தருகிறது. அதற்கு அடுத்த படியாக ஊசி வருகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல், பெயர் சொல்லாமல், நண்பன் வழியாக வருகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வரத் தொடங்கியதும் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது. விரைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி குறைந்து, சிலருக்கு அறவே நின்றுபோகும். ஊசியை விட்டபின் பலருக்கு அது மாதக்கணக்கில் மெல்லத் திரும்புகிறது. எல்லோருக்கும் முழுமையாகத் திரும்பும் என்ற உறுதி இல்லை. பெண் பார்க்கும் வயதில் இதைப் போட்டுக்கொள்கிறார்கள். மந்தையில் கிடக்கும் கல்லுக்குக் கல்யாணக்கல் என்று பெயர்.