அறிவியலா, சமத்துவமா, எது முதல்? சேலம் வட்டாரச் சான்றுகளின் ஒளியில் பெரியாரின் ஒழுக்கச் சிந்தனை

தமிழகத்துப் பகுத்தறிவு இயக்கத்தைப் போற்றுவோரும் தூற்றுவோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். அறிவியல் பரவினால் மூடநம்பிக்கை ஒழியும், மூடநம்பிக்கை ஒழிந்தால் சாதியும் பெண்ணடிமையும் தாமே விழும் என்பதே பெரியாரின் கொள்கை என்று இரு தரப்பும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு தரப்பு அதைப் பெருமையாகச் சொல்கிறது; மறுதரப்பு அதையே அறிவியல் வழிபாடு என்று கேலி செய்கிறது. மேடைப் பேச்சுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த வாசிப்புக்கு ஆதாரம் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அவர் எழுத்தில் வாதம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. மனிதருக்கு மனிதர் சமம் என்ற முடிவு முதலில் வருகிறது. அறிவியல் அதற்குப் பிறகு, ஒரு கருவியாக வருகிறது. அந்த முடிவை எந்த ஆய்வுக்கூடத்திலிருந்தும் தான் பெற்றதாக அவர் வாதிட்டதில்லை. இதைச் சோதித்துப் பார்க்கச் சேலம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

இந்த வட்டாரத்தில் அறிவியல் ஆர்வம் பெரியாருக்கு முன்பே வேர்விட்டது. 1916இல் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, நண்பர் வெங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழில் அறிவியல் கலைச்சொற்களை உருவாக்க ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினார். பின்னாளில் எளிய தமிழில் 'திண்ணை ரசாயனம்' எழுதியவரும் அவரே. நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது 1944 ஆகஸ்ட் 27 சேலம் மாநாட்டில். கடவுள், ஆன்மா, மதம் பற்றிய பெரியாரின் முறையான விளக்கமான 'தத்துவ விளக்கம்' சேலம் கல்லூரியில் அவர் ஆற்றிய உரைதான். 1934இல் மேட்டூர் அணை நிறைவடைந்தது. அணைக்கும் ஓமலூருக்கும் எட்டும் தூரத்தில் உள்ள நெசவாளர் ஊரான ஜலகண்டாபுரம், தன் பெயரையே அடைமொழியாகத் தாங்கிய நாடக ஆசிரியர் ப. கண்ணனைப் பகுத்தறிவு மேடைக்குத் தந்தது. ஆக, நாத்திகரும் ஆத்திகரும் அறிவியலை வரவேற்ற மண் இது. சச்சரவு அறிவியல் வேண்டுமா வேண்டாமா என்பதில் இருந்ததில்லை.

அறிவியலிலிருந்தே அறத்தைக் கறந்துவிடலாம் என்று உண்மையில் நம்பியவர் ஒருவர் உண்டு. அவர் பொதுவுடைமையாளர் சிங்காரவேலர். 1930களில் பெரியாரின் 'குடிஅரசு' இதழில் அண்டத்தின் தோற்றம், உயிர்களின் பரிணாமம் என்று அவர் எழுதித் தள்ளிய கட்டுரைகள் தமிழ் உரைநடைக்கே புதியவை. 1935இல் 'புது உலகம்' இதழையும் அதே நோக்கில் தொடங்கினார். இயற்கையின் இயக்கத்தையும் பொருளாதாரத்தின் இயக்கத்தையும் மக்கள் அறிந்தால் மதமும் சாதியும் உதிரும் என்பது அவர் எண்ணம். அந்தக் கட்டுரைகளைப் பெரியார் ஆர்வத்தோடு வெளியிட்டார், சோவியத் பயணத்துக்குப் பின் 1932இல் ஈரோட்டுத் திட்டத்தையும் அவரோடு சேர்ந்து வகுத்தார். இந்த நெருக்கத்தால்தானோ என்னவோ, ஒருவர் கருத்தை இன்னொருவர் தலையில் ஏற்றும் பழக்கம் ஆய்வாளர்களிடம் படிந்துவிட்டது.

வேறுபாடு தெளிவாகத் தெரியும் இடம் 'கர்ப்பத்தடை' என்ற கட்டுரை. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் இது ஓர் அத்தியாயம். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் குடும்பப் பொருளாதாரத்துக்காகவும் நாட்டின் வறுமையைக் குறைக்கவும் கர்ப்பத்தடையைக் கேட்கிறார்கள், நாம் கேட்பதன் காரணம் வேறு என்று பெரியார் அங்கே பிரித்துக் காட்டுகிறார்: பெண் விடுதலை பெற, பிள்ளை பெறும் கட்டாயத்திலிருந்து அவள் மீள வேண்டும். மருத்துவம் கண்டுபிடித்த முறை எல்லோருக்கும் ஒன்றுதான், அதைக் கேட்கும் காரணங்கள்தான் பல. எந்தக் காரணம் சரி என்று அந்த மருத்துவம் சொல்லாது. 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்த கர்ப்பத்தடைப் பிரசாரகர் மார்கரெட் சாங்கரிடம் காந்தி செயற்கைக் கர்ப்பத்தடையை மறுத்து, புலனடக்கமே வழி என்றார். அவர் அறிவியலை மறுக்கவில்லை, அதன் பயனைத் தன் ஒழுக்கத் தராசில் நிறுத்திப் பார்த்தார். பெரியாரும் அதையேதான் செய்தார். தராசு வேறு, அவ்வளவுதான். கற்பு பற்றிய அவர் வாதமும் இதே அமைப்பு உடையது. பெண்ணிடம் எதிர்பார்ப்பது ஆணுக்கும் பொருந்தாவிட்டால் அது ஒழுக்கமாகாது என்கிறாரே, அதில் உடலியலுக்கு என்ன வேலை? பிறரிடம் எதை எதிர்பார்க்கிறாயோ அதையே நீயும் செய் என்ற நடுவுநிலைதான் அங்கே அளவுகோல்.

அறிவியல் தனியே அறம் தராது என்பதற்குச் சேலம் மாவட்டம் அளிக்கும் சான்று கசப்பானது. 1991, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு இங்கே ஏறத்தாழ 850 பெண் குழந்தைகளே இருந்தார்கள். மாநிலத்திலேயே மிகத் தாழ்ந்த நிலைகளில் ஒன்று. பெண் சிசுக்கொலையைத் தடுக்கவே 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது. பிறந்த பிறகு கள்ளிப்பால் செய்த வேலையை, பிறக்கும் முன்பே செய்ய ஸ்கேன் வந்து சேர்ந்தது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடைசெய்ய 1994இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இதில் மூடநம்பிக்கைக்குப் பெரிய பங்கில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தச் சாமியும் பெண் கருவைப் பலி கேட்கவில்லை. வரதட்சிணை, நிலம், மகன் வழிச் சொத்து என்று குடும்பம் போட்ட கணக்கு அது. கணக்கில் பிழையில்லை, கருவியிலும் பழுதில்லை. ஸ்கேன் அறைக்குள் போனவர்களிடம் 'அறிவியல் மனப்பான்மையோடு யோசியுங்கள்' என்றால் அவர்கள் ஏற்கெனவே யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்பார்கள். சுயமரியாதை இயக்கம் இதன் வேரை வேறிடத்தில் பார்த்தது: 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாகாண மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அது சட்டமாக 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. 2011இல் சேலத்தின் குழந்தைப் பாலின விகிதம் 900ஐத் தாண்டியதற்குச் சட்டம், கண்காணிப்பு, பெண் கல்வி எனக் காரணங்கள் பல. எந்திரம் திருந்தியதால் நேர்ந்த மாற்றமல்ல.

இன்னும் வலுவான சான்று அர்ச்சகர் உரிமை. கடவுளே இல்லை என்றவர், எல்லாச் சாதியாரும் அர்ச்சகராக வேண்டும் என்று தம் கடைசி ஆண்டுகளில் போராடினார். அறிவியலே அவர் முதல் கொள்கையாக இருந்திருந்தால் இது முரண்பாடு; கருவறைக்குள் இன்னொருவரை அனுப்புவது இல்லாத கடவுளுக்குப் பூசாரிகளைப் பெருக்குவதாகவே முடியும். எதிர்ப்பாளர்கள் அப்படித்தான் கேட்டார்கள். சமத்துவமே முதல் கொள்கை என்று கொண்டால் முரண்பாடு மறைந்துவிடுகிறது: கருவறை வாசலில் நிற்கவைத்துப் பிறப்பால் இழிவுபடுத்துவது, கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அநீதிதான். பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1972 சேஷம்மாள் வழக்கில் ஏற்றது. ஆனால் ஆகம மரபுக்கு உட்பட்டே நியமனம் என்று கூறி அதன் பல்லைப் பிடுங்கியது. 1924 வைக்கம் போராட்டத்திலும் பெரியார் கேட்டது கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமையை.

இங்கே எழும் வலுவான மறுப்பு ராஜாஜியின் பக்கத்திலிருந்து வருகிறது. சமத்துவத்தை நிறுவ அறிவியலால் முடியாது என்றால், சமய நம்பிக்கைதானே அதற்கு அடித்தளம்? நம்பிக்கையாளர்களின் சாதனையைக் குறைத்துப் பேச முடியாது. 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோது, அதைச் சட்டப்படி காத்தது முதலமைச்சர் ராஜாஜியின் அரசு. 1937இல் இந்தியாவுக்கே முன்மாதிரியாக மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் அவர் தொடங்கினார். 1962இல் முதிய வயதில் அமெரிக்கா சென்று, அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி கென்னடியிடம் வாதிட்டார்; அறிவியலுக்கு அறத்தின் கடிவாளம் வேண்டும் என்பதை அவரளவுக்குச் செயலில் காட்டிய தமிழர் அரிது. ஆனால் அதே ராஜாஜி 1953இல் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். நெசவாளி மகன் தறியில் உட்காருவதில் அவருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. எதிர்ப்பு முற்றி 1954இல் பதவி விலகினார். அவர் அறம் உண்மையானது, அது மரபின் ஒழுங்குக்குள் கருணையாக இயங்கியது. அந்த ஒழுங்கே கேள்விக்கு உள்ளாகும்போது அது தயங்கியது. அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' 1936இல் வெளிவந்ததும் பெரியார் அதைத் தமிழில் கொண்டுவந்ததன் காரணம் இதில் இருக்கிறது: நல்ல நம்பிக்கையாளர் எத்தனை பேர் என்பதைவிட, சாத்திரத்தின் அதிகாரம் நிற்கிறதா இல்லையா என்பதே அந்நூலின் கேள்வி.

அப்படியானால் சுயமரியாதையும் நிரூபிக்க முடியாத ஒரு நம்பிக்கைதானே என்று கேட்கலாம். ஆம், நிரூபிக்க முடியாததுதான். அதை மறைப்பதில் பகுத்தறிவாளருக்கு லாபமில்லை. ஆனால் நிரூபிக்க முடியாதவை எல்லாம் ஒரே வகையல்ல. சமத்துவம் தனக்கென ஒரு வேதத்தையோ விளக்கம் சொல்லும் பிறவி உரிமையாளரையோ வைத்துக்கொள்ளவில்லை. யாரும் எதிர்வாதம் செய்யலாம், செய்பவர் தன்மீதே அந்த விதி திரும்பினால் ஏற்பாரா என்று சொல்லியாக வேண்டும். 1976இல் அரசியலமைப்பில் சேர்ந்த 51அ பிரிவும் அறிவியல் மனப்பான்மையை மனிதநேயத்தோடும் சீர்திருத்த நாட்டத்தோடும் சேர்த்தே கடமையாக்குகிறது. முதலாவது இருந்தால் மற்றவை தாமே வரும் என்றால் மூன்றையும் எழுதியிருக்க வேண்டியதில்லை.

1971 ஜனவரியில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டை இந்தப் பின்னணியில் எடைபோட வேண்டும். ஊர்வலத்தில் கடவுள்களைக் கேலி செய்ததால் எழுந்த பரபரப்பு தேர்தல் மேடைகளில் பெரிதாக ஊதப்பட்டது. இருந்தும் மார்ச்சில் தி.மு.க. 184 இடங்களில் வென்றது. ஊர்வலம் ஆத்திகரை மாற்றவில்லை, வாக்காளர் அதற்காகத் தண்டிக்கவும் இல்லை. கேலி பரபரப்பைத் தந்தது, அதற்குமேல் அதிகம் தரவில்லை என்பதே என் கணிப்பு. அந்த மாநாட்டுக்குப் பின் இந்த வட்டாரம் எங்கும் பொறியியல் கல்லூரிகள் முளைத்தன, நாமக்கல் பள்ளிகள் அறிவியல் பாட மதிப்பெண்ணுக்குப் பேர்போயின. அப்படி இருந்தும் சாதி விழவில்லை: 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி ஒருவர், வேறு சாதிப் பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்ததற்காகத் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் அந்த வழக்கில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.