மைனாக்கள்: ஓர் அடிக்குறிப்பின் அரசியல்

நீல் யங் கேசட்டை நிறுத்திவிட்டு நண்பர் சொன்னார்: "இவரு ஆரம்பத்துல ஏதோ ஒரு சின்ன பேண்டுல இருந்தாரு. அது ஒண்ணுமில்லாமப் போச்சு." 'போச்சு' என்பது தன்வினை. போக்கடித்தவர் யார் என்று அது சொல்லாது. ராக் இசை வரலாறுகள் 'மைனா பேர்ட்ஸ்' குழுவைப் பற்றிப் பெரும்பாலும் இந்தத் தன்வினையில்தான் பேசிவந்திருக்கின்றன.

டொராண்டோவின் அந்தக் குழுவில் நீல் யங் இருந்தது 1966ன் தொடக்கத்தில், மிகக் குறைந்த காலம். குழுவின் குரல் ரிக்கி ஜேம்ஸ் மாத்யூஸ். பின்னாளில் ரிக் ஜேம்ஸ். 1948ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்த கறுப்பர். பதின்ம வயதிலேயே கடற்படை ரிசர்வில் சேர்ந்து, 1964ல் அதை விட்டு ஓடி எல்லை தாண்டியவர். மாத்யூஸ் என்பது ஒளிந்துகொள்ள வைத்த பெயர். கூட வாசித்தவர்கள் வெள்ளை இளைஞர்கள். ஒரு கறுப்புக் குரலும் வெள்ளை கிதார்களும் ஒரே மேடையில் என்பது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை.

இந்தக் குழுவை டெட்ராயிட்டின் மோடவுன் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. அதை உருவாக்கிய பெர்ரி கோர்டி, கார் ஆலையின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த கறுப்பர். ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே ரிக்கி படையை விட்டு ஓடிவந்தவர் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சரணடை என்றார்கள். அவர் சிறைக்குப் போனார். ஒலிநாடாக்கள் அலமாரிக்குப் போயின. ஆக, இதை வெறும் கறுப்பு - வெள்ளைக் கதையாகச் சுருக்கிவிட முடியாது. கறுப்பர் முதலாளியாக இருந்தாலும் மூலதனம் ராணுவத்தோடு மோத விரும்புவதில்லை.

நீல் யங்கும் புரூஸ் பாமரும் குழுவின் கருவிகளை விற்று, ஒரு பழைய சவ வண்டியை வாங்கி லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள். அங்கே பிறந்தது 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்'. கனடாக்காரரான யங் 1970 வரை உரிய காகிதங்கள் இல்லாமலேயே அமெரிக்காவில் இருந்தார். படையை விட்டு ஓடுவதும் அனுமதியின்றித் தங்குவதும் சட்டத்தின் முன் ஒரே குற்றமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எல்லைக்கோடு ஒருவருக்குச் சிறையாகவும் இன்னொருவருக்குச் சாலையாகவும் இருந்ததை எப்படிப் பார்க்காமல் இருப்பது?

ரிக் ஜேம்ஸ் பிறகு அதே மோடவுனுக்குத் திரும்பி, 1981ல் 'சூப்பர் ஃப்ரீக்' பாடலால் பெரும்புகழ் பெற்றார். அப்படியும் ராக் ரசிகர்களுக்கு இது 'நீல் யங் இருந்த பேண்ட்'தான். யாரை வைத்து ஒரு குழுவை அடையாளம் சொல்கிறோம் என்பதிலேயே நம் சார்பு தெரிந்துவிடுகிறது.

அலமாரியில் கிடந்த பாட்டு வெளியே வந்தது 2006ல், மோடவுனின் பழைய இசைத்தட்டுத் தொகுப்பு ஒன்றில். ரிக் ஜேம்ஸ் 2004லேயே இறந்துவிட்டார். அந்தப் பாட்டின் பெயர் 'இட்ஸ் மை டைம்'. இது என் நேரம் என்று பதினெட்டு வயதுப் பையன் பாடியதை நாற்பது வருஷம் பூட்டி வைத்திருந்தார்கள். நண்பரிடம் இதைத்தான் சொன்னேன்: ஒண்ணுமில்லாமப் போகல, போகவச்சாங்க.