முன்னாள் என்றொரு பதவி: ஒரு கிட்டார்க்காரரின் விலகல் பற்றிச் சில குறிப்புகள்

1

ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு ஏற்காட்டுக் கோடை விழாவில் ஓர் இரவு, கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால் என் சித்தப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். மேடையில் சேலத்து மெல்லிசைக் குழு ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. பின்னால் பேனரில் குழுவின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. 1980-களின் கடைசியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெயரை வைத்தவர் சித்தப்பாதான். பதினான்கு வருஷம் அதில் லீட் கிட்டார் வாசித்தார். பிறகு ஒரு கோயில் கச்சேரியின் காசு பிரிப்பதில் கணக்கு இடித்தது, வார்த்தை தடித்தது. கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். அப்புறம் ஜீப் ஓட்டினார்.

அன்றைக்கு மேடையில் இருந்த சின்னப் பையன் ஒரு பாட்டின் இடையிசையை வாசித்தான். சினிமாப் பாட்டில் இருக்கும் இடையிசை அல்ல, கச்சேரிக்காகச் சித்தப்பா நீட்டி வைத்திருந்தது. எந்த நோட்ஸிலும் எழுதியிராதது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

‘நல்லாத்தான் வாசிக்கிறான் கண்ணு’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘அந்த எறக்கத்துல நான் எப்பவுமே ஒரு தப்பு பண்ணுவேன். அந்தத் தப்பையும் சேர்த்துல்ல வாசிக்கிறான்’ என்றார்.

ஒரு குழுவை விட்டுப் போனவன் எதை எடுத்துக்கொண்டு போகிறான், எதை விட்டுவிட்டுப் போகிறான் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. இதற்கு நான் நம் ஊர்க் குழுவை விட்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் பக்கம் போக வேண்டியிருக்கிறது. காரணம் எளியது. சித்தப்பாவின் விலகல் பற்றி ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. அங்கே ஒரு கிட்டார்க்காரரின் விலகலுக்கு அறிக்கை, மறுப்பு, பேட்டி, சுயசரிதை என்று ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன. இந்த வித்தியாசமே ஒரு பிரச்சினைதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

2

ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ஹெவி மெட்டல் குழுவைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பர்மிங்காமை ஒட்டிய இரும்பு, நிலக்கரிப் பகுதியிலிருந்து வந்தவர்கள். ‘மெட்டல்’ என்ற சொல்லை அங்கே உருவகம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த இசைக்கு அடி போட்ட பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி, 1965-இல் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் வலக்கை விரல் நுனிகள் இரண்டை இழந்தவர். ஜூடாஸ் பிரீஸ்டின் கிளென் டிப்டன் இசைக்கு வரும் முன் பிரிட்டிஷ் ஸ்டீலில் வேலை பார்த்தவர். எஃகுத் தொழிலாளர்களின் மூன்று மாத வேலைநிறுத்தம் முடிந்த அதே 1980 ஏப்ரலில் வந்த இவர்களின் தொகுப்புக்குப் பெயரே ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’.

குழுவின் பிறப்பை எழுதும்போது எல்லோரும் கே.கே. டவுனிங்கையும் அவருடைய பள்ளித் தோழர் இயன் ஹில்லையும் சொல்வார்கள். ஆனால் பெயர் இவர்கள் வைத்ததல்ல. 1969-இல் அல் அட்கின்ஸ் என்ற பாடகர் இருந்த வேறொரு குழு, பாப் டிலனின் பாட்டொன்றின் தலைப்பிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் அது. அந்தக் குழு உடைந்தது. 1970-இல் அட்கின்ஸ், டவுனிங்கோடும் ஹில்லோடும் சேர்ந்தபோது பழைய பெயரையும் கூடக் கொண்டுவந்தார். 1973-இல் குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும் என்று விலகிப் போனார். முதல் தொகுப்பு 1974-இல் வெளிவந்தபோது அவர் அதில் இல்லை. ஆக, டவுனிங் 40 வருஷம் வாசித்த குழுவின் பெயரே ஒரு ‘முன்னாள்’ விட்டுவிட்டுப் போனது.

இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழுவின் முகமாகிய ராப் ஹால்ஃபோர்டும் 1992-இல் விலகிப் போனவர்தான். அவர் இடத்துக்கு 1996-இல் வந்த டிம் ஓவன்ஸ், அமெரிக்காவில் இதே குழுவின் பாட்டுகளை நகலெடுத்துப் பாடும் குழுவில் இருந்தவர். 2003-இல் ஹால்ஃபோர்ட் திரும்பினார், ஓவன்ஸ் ‘முன்னாள்’ ஆனார். மூலம், நகல் என்று நாம் போடும் கோடு இங்கே கொஞ்சமும் நிற்பதில்லை. நகல் மூலத்தின் நாற்காலியில் ஏழு வருஷம் உட்கார்ந்தது, பிறகு மூலம் வந்து நகலை எழுப்பிவிட்டது.

குழுவுக்கு அந்தப் பெயர் வந்த அதே 1969-இல்தான் ஃபூக்கோ பாரிசில் ‘ஆசிரியன் என்றால் என்ன?’ என்ற உரையை நிகழ்த்தினார். தற்செயல்தான், பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் அவர் சொன்னது இங்கே உதவுகிறது. ஆசிரியனின் பெயர் ஓர் ஆளைச் சுட்டுவதைவிட, சில பிரதிகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் வேலையைச் செய்கிறது. குழுவின் பெயரும் அப்படித்தான். ஆட்கள் வரலாம், போகலாம், கட்டு அவிழாது. பிரச்சினை எங்கே என்றால், கட்டியவனுக்கும் அந்தக் கயிற்றில் பாத்தியதை இல்லாமல் போகிறது.

3

2010 டிசம்பரில் ஜூடாஸ் பிரீஸ்ட் தன் கடைசிப் பெரிய உலகச் சுற்றுப்பயணத்தை அறிவித்தது. 2011 ஏப்ரல் 20 அன்று, டவுனிங் ஓய்வு பெறுகிறார் என்று அறிக்கை வந்தது. ‘ஓய்வு’ என்ற அந்தச் சொல்தான் பின்னால் எல்லாச் சண்டைக்கும் விதை. தான் அலுத்துப்போய் விலகினேன், நிர்வாகத்தோடும் மேடை வாசிப்பின் தரத்தோடும் பிணக்கு இருந்தது என்று அவர் பிறகு சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் நாகரிகமாக ஒரு கடிதமும், அப்புறம் கோபமாக இன்னொன்றும் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். விலகுகிறவனுக்கு எப்போதுமே இரண்டு கடிதங்கள். வரலாற்றில் முதல் கடிதம்தான் பதிவாகும்.

அவர் இடத்துக்கு ரிச்சி ஃபால்க்னர் வந்தார், 31 வயது. நீளமான பொன்னிற முடி, கையில் ‘வி’ வடிவக் கிட்டார். டவுனிங்கின் அடையாளங்களும் இவைதான் என்பதை ரசிகர்கள் உடனே கவனித்தார்கள். ஆளை மாற்றலாம், நிழலை மாற்றக்கூடாது என்பது இந்தத் தொழிலின் எழுதாத விதி.

2018 பிப்ரவரியில் டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய் என்ற செய்தி வந்தது. மேடையில் அவர் இடத்தில் வாசிக்கப் போவது தொகுப்பின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஆண்டி ஸ்னீப் என்றும் சேர்த்து அறிவித்தார்கள். டவுனிங்கைக் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பதில் தனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை அவர் வெளிப்படையாக எழுதினார். அந்த வருஷமே அவருடைய சுயசரிதை வந்தது. அந்த வருஷமே அவர் பங்கிருந்த 136 பாடல்களின் உரிமை விற்பனையானது. அதாவது மேடை 2011-இல் போயிற்று, பாட்டின் வருமானம் 2018-இல் போயிற்று. மிஞ்சியது என்ன? ‘முன்னாள்’ என்கிற அடைமொழி.

அந்த அடைமொழியை வைத்துக்கொண்டுதான் 2020-இல் அவர் ‘கேகேஸ் பிரீஸ்ட்’ என்று புதுக்குழு தொடங்கினார். பழைய பெயரில் பாதியை எடுத்துக்கொண்டார். பாடகர் யார்? அந்த ஓவன்ஸ்தான். நம்மூரில் பாகப்பிரிவினையின்போது ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்கொரு வாசல் வைப்பார்களே, அது மாதிரி. வாசல் இரண்டு, கூரை ஒன்று.

2022 நவம்பர் 5-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்சில் ராக் இசைக்கான கௌரவ மன்றத்தில் குழுவைச் சேர்த்தபோது டவுனிங்கையும் அழைத்தார்கள். டிப்டனும் டவுனிங்கும் ஃபால்க்னரும், மூன்று கிட்டார், ஒரே மேடை. மூன்று பாட்டு வாசித்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு அவர் குழுவுக்குத் திரும்பவில்லை.

ஹால்ஃபோர்டுக்குத் திறந்த கதவு டவுனிங்குக்கு ஏன் திறக்கவில்லை? ஆளின் குணம், கோபம் என்று போனால் கிசுகிசுவில் போய் நிற்போம். என் பார்வை வேறு. குரலுக்கு ஒரு முகம் இருக்கிறது, அதற்கு மாற்று வைத்தால் தெரிந்துபோகும். கைக்கு முகமில்லை. இந்தக் குழுவின் தனித்தன்மையே இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போவதுதான். அந்தப் பின்னலில் எந்த இழை யாருடையது என்று கேட்பவருக்குச் சட்டென்று பிரித்துச் சொல்ல வராது. டவுனிங் உருவாக்கிய அழகே அவரை மாற்றத்தக்கவராகவும் ஆக்கியது. கூட்டுக் கலையின் அரசியல் இது.

4

இனி நம்மிடம் வருவோம். தமிழில் இதற்கு ஈடாக உடனே நினைவுக்கு வருவது 2017 மார்ச்சில் நடந்தது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தபோது, அனுமதியின்றித் தன் பாடல்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு போனது. இனி அந்தப் பாடல்களைப் பாடமாட்டேன் என்று எஸ்.பி.பி. ஒதுங்கிக்கொண்டார். இருவரும் 2019 ஜூன் 2-ஆம் தேதி சென்னையில் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த வருஷம் செப்டம்பர் 25-இல் எஸ்.பி.பி. போய்விட்டார்.

டீக்கடையில் அன்று எல்லோரும் பாலு பக்கம்தான். ‘பாடுனவருக்கு இல்லாத பாட்டா?’ என்றார்கள். அவ்வளவு சுலபமில்லை. தமிழ்நாட்டின் ஆகப் பெரிய ‘முன்னாள் கிட்டார்க்காரர்’ இளையராஜாதான். 1976-இல் ‘அன்னக்கிளி’ வரும்வரை மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்தவர் அவர். சலில் சௌதுரிக்கு வாசித்திருக்கிறார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்திருக்கிறார். தன் கையின் ஒலி இன்னொருவர் பெயரில் ஊரெல்லாம் கேட்பதைக் கேட்டு வளர்ந்த ஒருவர், பிறகு பெயரை இறுகப் பிடித்துக்கொள்கிறார் என்றால் அதில் வெறும் பேராசையை மட்டும் பார்ப்பது மேல்தட்டுச் சௌகரியம். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு என்று சட்டம் திருத்தப்பட்டதே 2012-இல்தான்.

ஆனால் கதை இங்கே முடிந்துவிடக் கூடாது. 2017-இல் மோதியது பெயரும் குரலும். இரண்டுக்கும் முகம் உண்டு, இரண்டுக்கும் ஆதரவாளர் உண்டு. அந்த ஆயிரக்கணக்கான பாடல்களில் வாசித்த கைகள் எங்கே? நம் பழைய இசைத்தட்டு உறைகளிலும் கேசட் அட்டைகளிலும் வாத்தியக்காரர்கள் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ரஹ்மான் தன் தொகுப்புகளில் அவர்கள் பெயரை அச்சிட்டபோது அது செய்தியாகப் பேசப்பட்டது என்பதே அதுவரை இருந்த நிலைக்குச் சாட்சி. (அவரும் இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்தவர் என்பதை மறக்க வேண்டாம்.)

நான் சொல்ல வருவது இதுதான். ‘முன்னாள்’ என்பது இழிவல்ல, அது ஒரு பதவி. பெயர் பதிவானவன் மட்டுமே முன்னாள் ஆக முடியும். டவுனிங் தோற்றிருக்கலாம். ஆனால் தோற்றார் என்று எழுத ஏடு இருக்கிறது. நம் ஊர்க் கிட்டார்க்காரன் குழுவை விட்டுப் போகும்போது அவன் ‘முன்னாள்’ ஆவதில்லை, இல்லாமல் போகிறான்.

5

இந்த மலையில் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கும்போது இன்னொரு உலோகக் கதையும் வந்து சேர்ந்துகொள்கிறது. சேலத்தில் கும்பினி அதிகாரியாக இருந்த ஹீத், 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். சேலத்துத் தாதுவும் காடுகளை எரித்த கரியும் சேர்ந்து இரும்பாகி இங்கிலாந்துக்குக் கப்பலேறின. ஹீத் அங்கே போய் 1839-இல் எஃகுக்கு ஒரு காப்புரிமை வாங்கினார். அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவரே அதில் ஒரு சந்து கண்டுபிடித்து உரிமைத்தொகை தராமல் தப்பிக்க, வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. தீர்ப்பைப் பார்க்காமலே ஹீத் செத்துப்போனார். நொந்துபோன அந்தக் கூட்டாளியின் கதைக்கு நீதிமன்ற ஏடுகளில் ஏராளமான பக்கங்கள் இருக்கின்றன. தாது வெட்டியவனுக்கும் கரி சுட்டவனுக்கும் ஒரு வரி இல்லை. நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து சேர்வராயன் மலையிலிருந்து பாக்சைட் லாரி லாரியாக மேட்டூருக்கு இறங்கியது. அலுமினியத்தில் மலையின் பெயரைத் தேட முடியுமா?

போன மாதம் சித்தப்பாவிடம் கேட்டேன், குழுவின் பெயரை எழுதட்டுமா என்று. ‘வேண்டாம் கண்ணு. ஓடிட்டிருக்கிற குழு. நாலஞ்சு குடும்பம் சாப்பிடுது’ என்றார். ‘நீங்கதானே பேர் வச்சீங்க?’ என்றேன். ‘புள்ளைக்குப் பேர் வச்சவன் எல்லாம் அப்பனாயிருவானா?’ என்று சிரித்தார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து மூன்று பழைய டைரிகளை எடுத்து வந்தார்.

பதினான்கு வருஷத்துக் கச்சேரிகள். தேதி, ஊர், பேசிய தொகை, வாங்கிய அட்வான்ஸ், வேன் வாடகை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அன்றைக்கு வந்த எல்லோர் பெயரும்: தபேலா, ட்ரிப்பிள் காங்கோ, பேஸ், கீபோர்டு, சவுண்டு செட்டுக்காரரின் உதவிப் பையன் வரை. ரிதம் பேட் வந்த வருஷம் அந்தப் பட்டியலில் இரண்டு பெயர் குறைவதையும் அதில் பார்க்கலாம். கணக்குச் சண்டைக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று எழுதி வைத்தது. சண்டைக்கு அவர் அதை எடுத்துக் காட்டவே இல்லை.

தமிழ்த் திரையிசையின் வரலாற்றை நாம் மேதைகளின் வரிசையாக எழுதிப் பழகிவிட்டோம். அதை மாற்றி எழுத நினைக்கிற நண்பர்கள் முதலில் போக வேண்டிய இடம் இந்த மாதிரி டைரிகள் கிடக்கிற வீடுகள்தான். சித்தப்பாவின் டைரிகளை நான் இப்போது ஒரு நோட்டில் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் டைரியில் இதுவரை 41 பெயர்கள் ஆகியிருக்கின்றன.