தகடூர் வரலாற்று ஆய்வுரைகளில் எழுவாயும் பத்தியும்

1. பொருளும் எல்லையும்

தகடூர் எனப் பழம்பெயர் கொண்ட தருமபுரி மாவட்டத்தில் தமிழோ வரலாறோ பயிலும் மாணவருக்கு ஆய்வுப் பொருளுக்குப் பஞ்சமில்லை. அதியமான் மரபு, நடுகற்கள், மோதூர் அகழாய்வு என எதைத் தொட்டாலும் எழுத இடமிருக்கிறது. குறை நேர்வது எழுதும் முறையில்தான். ஒற்றுப் பிழையையும் லகர ளகர மயக்கத்தையும் நெறியாளர்கள் சலிக்காமல் திருத்துகிறார்கள். திருத்தத்தான் வேண்டும், 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான், 'வேலைக் கொடுத்தான்' என்றால் ஆயுதம் கொடுத்தான். நடுகல் வீரனைப் பற்றி எழுதுபவருக்கு இந்த ஓர் ஒற்றே பொருளை மாற்றிவிடும். ஆனால், ஒற்றெல்லாம் சரியாக இருந்தும் ஆய்வு தளர்ந்துபோகும் இடங்கள் உண்டு. இக்கட்டுரை அவற்றையே எடுத்துக்கொள்கிறது.

2. மறைந்த எழுவாய்

தமிழில் எழுவாயை வெளிப்படச் சொல்லாமலே தொடர் முடியும். 'வந்தேன்' என்றால் வந்தவர் யார் என்பதை விகுதியே காட்டிவிடுகிறது. இது மொழிக்கு வாய்த்த சிக்கனம். ஆய்வுரையிலோ 'கருதப்படுகிறது', 'கூறுவர்', 'எனலாம்' என்ற முடிபுகளுக்குப் பின்னால் கருதியவரும் கூறியவரும் காணாமல் போகிறார்கள். அவர்களோடு சான்றும் போய்விடுகிறது.

மாதிரிக்கு ஒரு தொடரை அமைத்துப் பார்ப்போம்: 'அதியமான்கள் அசோகர் காலத்திலேயே புகழ்பெற்று விளங்கினர் என்று கருதப்படுகிறது.' இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் யார் கருதுகிறார், எதைக் கொண்டு கருதுகிறார்? இதையே இப்படி எழுதலாம்: 'அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் குறிப்பிடுகிறது. 1981இல் திருக்கோவலூர் வட்டாரத்து ஜம்பையில் வெளிப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சிக்குச் சத்தியபுத்திரன் என்ற அடையைத் தருகிறது. இவ்விரண்டையும் இணைத்து, அசோகர் குறித்த சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்ற முடிவுக்கு வருகிறோம்.'

முதல் தொடருக்கு அசோகர் கல்வெட்டு எழுவாய். இரண்டாவதற்கு ஜம்பைக் கல்வெட்டு. மூன்றாவதில் 'நாம்' தோன்றா எழுவாய்தான், ஆனால் 'வருகிறோம்' என்ற வினைமுற்று பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. எது சான்று, எது நம் ஊகம் என்பது படிப்பவருக்குத் தனித்தனியே தெரிகிறது. 'புகழ்பெற்று விளங்கினர்' என்ற சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிட்டதையும் கவனிக்க வேண்டும். இரு கல்வெட்டிலும் அதற்கு இடமில்லை. எழுவாயைத் தேடிப் போனால் இப்படி மிகையும் கழியும்.

இந்த ஒழுங்கைக் கற்க இம்மாவட்டத்தார் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. இங்குள்ள பல்லவர் கால நடுகல் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், பூசல், பட்டவன் பெயர் ஆகியவற்றைச் சொல்லி முடிகின்றன. தொறு மீட்டுப் பட்டவன் யார் என்பதில் அவை ஐயம் வைப்பதில்லை. அவற்றைப் பொறித்தவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் கல்லில் வெட்டியவர்கள். வேண்டாத சொல்லுக்கு அங்கே இடமில்லை.

3. எண்ணும் சுட்டும்

'நடுகற்கள் உள்ளது' என்ற ஒருமை பன்மை மயக்கம் எளிதில் கண்ணில் படும். 'உள்ளன' என்று திருத்திவிடலாம். சுட்டுப்பெயர் அவ்வளவு எளிதன்று. சங்க கால நெடுமான் அஞ்சியையும், மூன்றாம் குலோத்துங்கன் காலத்து விடுகாதழகிய பெருமாளையும் ஒரே பத்தியில் பேசிவிட்டு 'அவன்' என்று தொடங்கினால், ஓராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி ஒரு சொல்லில் அழிந்துபோகும். 'அதியமான்' என்பது மரபுப் பெயராதலால் அதுவும் போதாது. இயற்பெயரை மீண்டும் எழுதத் தயங்கக் கூடாது.

4. பத்தியின் கட்டு

ஓலைச்சுவடியில் இன்றைய பத்திப் பிரிப்பு இல்லை. அச்சோடு வந்து நிலைத்த வழக்கம் இது. ஆயினும் பத்தியைச் சோதிக்கும் அளவுகோல் நம்மிடம் முன்பே இருந்தது. சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுக்கிறது. மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் பகுதி அது. தம் கட்டுரைமேல் பொருத்திப் பார்ப்பவர் அரிது.

நடுகல்லைப் பற்றித் தொடங்கிய பத்தி, அது இருக்கும் ஊரைச் சொல்லி, அங்கிருந்து ஒகேனக்கல் அருவியின் அழகுக்குப் போனால் அது மற்றொன்று விரித்தல். மேற்சொன்ன 'அவன்' மயங்க வைத்தல். வலுவான கருத்தோடு தொடங்கி, 'இவ்வாறு பல சிறப்புகள் உள்ளன' என்று ஓய்வது சென்றுதேய்ந்து இறுதல். என் கணிப்பில் இம்மூன்றாவதே மிகுதி; சான்று தீர்ந்த பின்னும் பத்தியை நிறுத்தாததால் வருவது.

தொடர்களை அடுக்கும் முறைக்கும் அங்கே வழி உண்டு. சூத்திரங்களின் நிலையாக நன்னூல் சொல்லும் நான்கில், ஆற்றொழுக்கு ஒரு தொடரின் முடிவை அடுத்த தொடர் ஏற்றுச் செல்வது. அரிமா நோக்கம் முன்னும் பின்னும் பார்ப்பது. இரு பத்திகளை இணைக்கும் தொடருக்கு இதுவே உரியது. தவளைப் பாய்த்து இடைவிட்டுத் தாவுவது. சூத்திரத்துக்கு அது ஏற்கும், ஏனெனில் இடைவெளியை உரையாசிரியர் நிரப்புவார். ஆய்வுரைக்கு உரையாசிரியர் கிடையாது. சான்றிலிருந்து முடிவுக்குப் போகும் படிகளை எழுதியவரே காட்ட வேண்டும்.

தகடூரைப் பற்றி எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயலை நெறியாளரிடம் கொடுக்குமுன், '-படுகிறது' என முடியும் தொடர்களை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றிலும் அச்செயலைச் செய்தவர் யார் என்று ஓரத்தில் எழுதுங்கள். கருத்துரைக்கும் தொடருக்கு அருகே பெயரோ கல்வெட்டோ எழுத முடியவில்லையென்றால், அந்தத் தொடரை நீக்கிவிடுங்கள்.